நெருக்கி நட்ட தேக்கு

தாராவி, பம்பாய்
20-9-1964

அன்புத் தம்பி வெயிலுமுத்துவுக்கு,

அக்கா முப்பிடாதி எழுதுவது. நானும் மகள் சொர்ணமும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் பேராச்சியும் மருமகன் அய்யாத்துரையும் அப்படியே இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீயாக எழுதிச் சொல்லும் வழக்கம்தான் உன்னிடம் கிடையாதே.

மூட்டை நேற்று வந்து சேர்ந்தது. சயான் ஸ்டேஷனுக்குக் கொழுந்தன் கணேசபாண்டியன் போனார். தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார் என்று வாசலில் நின்று பார்த்தால், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிரித்துப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

உன் அத்தான் இருந்த காலத்தில் நீ அனுப்பும் மூட்டையை இரண்டு பேர் பிடித்து இறக்குவார்கள். நிலவேம்பு, நன்னாரி வேர், சித்தாமுட்டி, கீழாநெல்லி என்று தனித்தனியாகக் கட்டியிருப்பாய். உலர்த்த இடம் போதாமல் அடுத்த வீட்டு ஹபீபாவின் கூரைத் தகரத்தையும் கேட்டு வாங்கிப் பரப்புவோம். போன வருஷம் அது பாதியானது. இந்த வருஷம் நிலவேம்பு மட்டும் கொஞ்சம் இருக்கிறது, அதிலும் இலையைவிடத் தண்டு அதிகம். நன்னாரியைக் காணவே காணோம்.

சேட்டின் தேக்குத் தோட்டத்தில் மரம் நட்ட நாளிலிருந்து நீதான் காவல். மரத்துக்குக் கீழே முளைக்கிற பச்சிலையெல்லாம் உனக்கு என்று சேட் வாயால் சொன்னதை நம்பித்தான் உன் அத்தான் இந்த நாட்டு மருந்துக் கடையைப் போட்டார். அதே தோட்டம், அதே காவல்காரன், மழையும் குறைவில்லாமல் பெய்திருக்கிறது. பச்சிலை மட்டும் எங்கே போனது?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு உல்லாஸ்நகர் போயிருந்தேன். அங்கே ஒரு மொத்த வியாபாரியின் கடை வாசலில் நிலவேம்பு குவிந்து கிடந்தது. பச்சை மாறாத சரக்கு. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "முர்பாட் சைடு" என்றான். முர்பாட் தாண்டித்தானே உன் தோட்டமும் இருக்கிறது.

நான் உன்னைச் சந்தேகப்படுவதாக நினைத்துவிடாதே. கேட்கிறேன், அவ்வளவுதான். வருகிற தையில் அய்யாத்துரைக்கும் சொர்ணத்துக்கும் பரிசம் போடப் பேசி வைத்திருக்கிறோம். அதற்குள் மனசில் இருப்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்வது இரண்டு வீட்டுக்கும் நல்லது.

பதிலைக் கார்டில் எழுதாதே, கவரில் போடு. கார்டில் வந்தால் எனக்கு முன்னால் இந்தச் சந்து முழுவதும் வாசித்துவிடும்.

உன் அக்கா,
முப்பிடாதியம்மாள்


தேக்குத் தோட்டம், முர்பாட் வழி
2-10-1964

அன்புள்ள அக்காவுக்கு,

வெயிலுமுத்து எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம். "மதினிய நான் கேட்டதா மறக்காம எழுதுங்க" என்று பேராச்சி பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

மூட்டை சிறுத்துப்போனதற்கு மரம்தான் காரணம் அக்கா. நீ சிரிப்பாய், ஆனால் நிஜம். இதை நடும்போது, நெருக்கி வைத்தால் தேக்கு கோணாமல் நேராக ஏறும் என்று யாரோ சேட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆள் பக்கவாட்டில் நுழைகிற நெருக்கத்தில் நட்டார்கள். கன்றாக இருந்த வருஷங்களில் இடையில் வெயில் தாராளமாக விழுந்தது. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த மூட்டைகள் அப்போது வந்தவை. இப்போது மழை தொடங்கினால் ஒவ்வொரு மரமும் முறம் அகலத்துக்கு இலை விட்டு, மேலே ஒன்றோடொன்று கூடி மூடிக்கொள்கிறது. உச்சி வேளையிலும் கீழே மங்கல்தான். மழை பெய்யும் காலத்தில் தரைக்கு வெயில் இல்லை. இலை உதிர்ந்து வெயில் வருகிற காலத்தில் மழை இல்லை. பச்சிலை எப்போது முளைக்கும்?

முதலில் சித்தாமுட்டி குறைந்தது. பிறகு கீழாநெல்லி. நன்னாரிக் கொடி வெளுத்துப் போய், அப்புறம் இல்லாமலே போனது. நிலவேம்பு மட்டும் வண்டிப்பாதை ஓரத்தில் வெயில் எட்டிப்பார்க்கிற இடத்தில் கொஞ்சம் நிற்கிறது. அதைத்தான் அனுப்பினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவும் சேட்டுடையதுதான். அங்கே நடும்போது கன்று போதவில்லை என்று எட்ட எட்ட வைத்தார்கள். அங்கே இன்றைக்கும் மரங்களுக்கு நடுவே எல்லாம் இருக்கிறது. பெயர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ வகை. ஆனால் அந்தச் சரிவின் புல்லைக் குர்லாவில் எருமைக் கொட்டில் வைத்திருக்கும் ஒருவருக்கு சேட் குத்தகைக்கு விட்டுவிட்டார். எருமைக்குப் புல் அறுக்க வருகிற ஆட்கள் பச்சிலையைத் தனியாகப் பிரித்து உல்லாஸ்நகருக்குப் போடுகிறார்கள். நீ பார்த்த சரக்கு அதுதான். அதில் ஒரு தழையை நான் தொட்டாலும் திருட்டு.

இதில் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? சொர்ணத்துக்கு என் ஆசீர்வாதம். அய்யாத்துரை வாயைத் திறந்து கேட்கமாட்டான். ஆனால் உன் கடிதம் வந்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டான்.

உன் அன்புத் தம்பி,
வெயிலுமுத்து


தாராவி
18-10-1964

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை நம்பிவிட்டேன். இரண்டாவது தடவைதான் யோசனை வந்தது.

மரம் பச்சிலையைத் தின்றுவிட்டது என்கிறாய். நெருக்கமாக இருந்தால் கீழே ஒன்றும் முளைக்காது என்கிறாய். இந்தத் தாராவியில் வந்து பார். ஒரு தகரத்தோடு இன்னொரு தகரம் ஒட்டிக்கொண்டு, வெயில் தரையைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. எத்தனை ஊர் ஜனம், எத்தனை பாஷை இங்கே முளைத்துக் கிடக்கிறது! எங்களுக்கு இல்லாத ரோஷம் உன் நன்னாரிக்கு வந்துவிட்டதா?

ஒரே சேட், ஒரே மண், ஒரே மழை. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம், இந்தப் பக்கம் இல்லையாம். இருக்கிற பக்கம் நீ கால் வைக்கக் கூடாதாம். அந்தப் பக்கத்துச் சரக்கு எங்கே போகிறது என்பதுவரை உனக்குத் தெரிந்திருக்கிறதாம். ஏன் தம்பி, பேராச்சியின் அண்ணன் உல்லாஸ்நகரில்தானே பாரம் இழுக்கிறார்? நான் அதை முன்பு எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நினைவுக்கு வந்தது, சொன்னேன்.

கோபப்படாதே. நான் கடையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. சரக்கு ஒரு இடத்தில் குறைந்தால் இன்னொரு இடத்தில் கூடியிருக்கும். தானாகக் காணாமல் போகிற சரக்கை நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்குச் சொர்ணம் முறுக்குச் சுடுகிறாள். கணேசபாண்டியனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு நாள் தங்கித் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வரட்டும். பாவம், அவரும் கடைக்குள்ளேயே கிடக்கிறார், கொஞ்சம் நல்ல காற்று வாங்கட்டுமே. அவருக்கு எல்லாவற்றையும் காட்டு.

அக்கா,
முப்பிடாதியம்மாள்


தேக்குத் தோட்டம்
12-11-1964

அன்புள்ள அக்காவுக்கு,

முறுக்கு நன்றாக இருந்தது. முறுக்கோடு வந்த பார்வைதான் எங்களுக்குச் செரிக்கவில்லை.

கணேசபாண்டியன் மச்சான் நல்ல மனுஷர். ஆனால் நீ சொல்லி அனுப்பியதை மறைக்கத் தெரியவில்லை. வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் பரண் மேல் ஒரு கண், விறகுக் குவியலில் ஒரு கண். பேராச்சி கறிக்கு மசாலா அரைக்கப் பின்பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மச்சான் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, கட்டிலுக்கடியில என்னத்தத் தேடுதிய? சொன்னா நானே எடுத்துத் தாரேன்லா" என்றாள்.

"செருப்பு உள்ள போயிட்டும்மா" என்றார். செருப்பு வாசலில் கிடந்தது. பேராச்சி அவர் முன்னால் சிரித்துவிட்டாள். அவர் குளிக்கப் போனதும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "என் அண்ணன் பேரையும் இதுல இழுத்துட்டாவளா?" என்று கேட்டாள். உன் கடிதத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் காட்டினேன். நெருங்கிய மரங்களுக்குள் மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். சருகைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு நடுவில் ஒரு இடம். போன வருஷக் காற்றில் இரண்டு மரம் சாய்ந்து, மேலே வானம் தெரிகிறது. அந்த வட்டத்துக்குள் மட்டும் நிலவேம்பும் குப்பைமேனியும் நாயுருவியும் முழங்காலுக்கு நிற்கின்றன. "பாருங்க மச்சான், வெயில் விழுந்த எடத்துல மட்டும் எப்படி வந்திருக்குன்னு" என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஓடைக்கரையில் நின்று எதிர்ச் சரிவையும் காட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினார். என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்லவேண்டும் அக்கா. அய்யாத்துரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொர்ணத்தின் பெயரை எடுத்தால் எழுந்து வெளியே போகிறான். அவனுக்கு அவள்மேல் உயிர் என்று உனக்கும் தெரியும். பெரியவர்கள் பேச்சில் அந்தப் பிள்ளைகளை நசுக்கிவிட வேண்டாம்.

உன் தம்பி,
வெயிலுமுத்து


தாராவி
29-11-1964

வெயிலுமுத்துவுக்கு,

கணேசபாண்டியன் வந்து சொன்னதை அவர் வாய்ப்பேச்சாகவே எழுதுகிறேன். நான் கூட்டிச் சொன்னதாக இருக்க வேண்டாம்.

"மதினி, உள்ள போயிப் பாத்தேன். சருக வெலக்கிப் பாத்தா அம்மன் கோயில் வாசலக் கூட்டி வச்சாப்புல கெடக்கு. ஒத்தப் புல்லு கெடையாது. நடுவுல ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் நிக்கி. அதப் புடுங்க மறந்துட்டாவ போலிருக்கு. எதுத்த சரிவுல பாத்தா நெலவேம்பு சும்மா நெல்லு கணக்கா நிக்கி. ஏன் புடுங்கலன்னா குத்தகைங்காரு. அந்தப் பக்கம் வேலி ஒண்ணும் நான் பாக்கல."

இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்? தானாக அழிந்த இடத்தில் நாலு செடியாவது நோஞ்சானாக நிற்கும். கூட்டி வைத்தது போல் கிடக்கிறது என்றால் கூட்டினவன் ஒருவன் இருக்கிறான். காவல்காரன் நீ. உனக்குத் தெரியாமல் வேறு எவன் உள்ளே வருவான்?

இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். கூடப் பிறந்தவளின் கடைக்கு வரவேண்டியதைப் பிடுங்கி வேறொருவனுக்குப் போடுகிறவனுக்குத் திருடன் என்றுதான் பெயர். நீயோ, உன் வீட்டுக்காரியோ, எனக்குத் தெரியாது. உன் அத்தான் போன அன்று இந்த வாசலில் நின்று, "நான் இருக்கேன்க்கா" என்று சொன்னாயே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒற்றைப் பொம்பிளை, வயசுக்கு வந்த பெண், பின்னால் யாருமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. பச்சிலைக்கே இந்தக் கதை என்றால், நாளைக்கு என் பெண்ணுக்கு உன் வீட்டில் என்ன கதை சொல்வாய்?

தையில் பரிசம் இல்லை. செம்பூரிலிருந்து ஒரு இடம் சொர்ணத்தைக் கேட்டு வருகிறது. பையன் பிட்டராக இருக்கிறான். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அடுத்த வருஷ மழை முடிந்து பழைய மாதிரி முழு மூட்டை வந்தால் உன் பையனுக்குப் பெண் உண்டு. வராவிட்டால் இனி எனக்கு நீ எழுத வேண்டாம்.

முப்பிடாதியம்மாள்


தேக்குத் தோட்டம்
20-1-1965

அக்காவுக்கு,

அடுத்த மழைக்குப் பிறகு மூட்டை வரும். நிறைவாக வரும்.

அதுவரை செம்பூர் இடத்துக்குப் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். அய்யாத்துரைக்காக இதைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை.

எப்படி வரும் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

வெயிலுமுத்து


தாராவி
3-10-1965

என் ஆசைத் தம்பிக்கு,

இரண்டு மூட்டை! இறக்குவதற்குக் கணேசபாண்டியன் ஒருவர் போதவில்லை, ஹபீபாவின் வீட்டுக்காரரும் வந்து பிடித்தார். நிலவேம்பு, கீழாநெல்லி, சித்தாமுட்டி, குப்பைமேனி, நாயுருவி எல்லாம் பழைய மாதிரி, பிரித்துக் கட்டி, வேரில் மண் போக உதறி. பிரித்த உடனே கடை முழுக்கக் கசப்பு வாசனை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யுத்தத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னலில் ஒட்டின கறுப்புத் தாளை நாங்கள் இன்னும் கிழிக்கவில்லை, இருட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தேன். சொர்ணம் "அம்மா, க்யா ஹுவா?" என்று பயந்து ஓடிவந்தாள். இந்த மழைக்கு இங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். நிலவேம்பு கேட்டு வருகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

இப்போது சொல். எங்கே ஒளித்து வைத்திருந்தாய்? போன வருஷம் வரை பச்சிலையைத் தின்ற மரம் இந்த வருஷம் கக்கிவிட்டதா? அக்கா ஒரு அதட்டல் போட்டதும் எப்படிப் பொலபொலவென்று வந்தது பார்! சின்ன வயசிலும் நீ இப்படித்தான், இரண்டு தட்டுத் தட்டினால்தான் மடியில் இருப்பது கீழே விழும். போகட்டும். செய்ததைச் செய்துவிட்டாய், இப்போது நாணயமாக நடந்துகொண்டாய். நான் எல்லாவற்றையும் மறந்தாயிற்று. பேராச்சியையும் ஒன்றும் கேட்கமாட்டேன். அவளுக்கு ஒரு சேலை எடுத்து அனுப்பியிருக்கிறேன், அரக்கு நிறம், அவளுக்கு எடுப்பாக இருக்கும்.

நன்னாரியை மட்டும் காணோம். அதை யாருக்குக் கொடுத்தாய்? சும்மா கேட்கிறேன், முகத்தைத் தூக்காதே.

அதென்ன போன கடிதத்தில் எனக்கு "நீங்கள்" போட்டு எழுதியிருந்தாய்? சம்பந்தியம்மாள் ஆகப்போகிறேன் என்று இப்போதே மரியாதையா? செம்பூர்க்காரர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். தையில் பரிசம். தேதி பார்த்து எழுது. சொர்ணம் நான் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

உன் அக்கா,
முப்பிடாதி


தாராவி
31-10-1965

தம்பிக்கு,

தீபாவளியும் போய்விட்டது. ஒரு வரி இல்லை. சேலை வந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

பரிசத்துக்குத் தேதி கேட்டால் வாயில் கொழுக்கட்டையா? இரண்டு மூட்டையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டு, பெண் வேண்டாமென்று நழுவப் பார்க்கிறாயா? பேராச்சியின் அண்ணனுக்கு ஒரு மகள் வளர்ந்து நிற்கிறாள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. உன் பேச்சை நம்பித்தான் செம்பூர் இடத்தை விட்டேன். இப்போது நீ பேசாமல் இருந்தால் நான் என்ன நினைப்பது?

சொர்ணம் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்காக வேண்டாம், அவளுக்காகவாவது எழுது.

முப்பிடாதியம்மாள்


தேவ்நார்
10-11-1965

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மேலே இருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இப்போது தேவ்நாரில் ஒரு தகரக் குடிசையில் இருக்கிறோம். பஸ் ஏறினால் உங்கள் கடை வாசலில் இறங்கலாம். இறங்க மனசு வரவில்லை. மூட்டை வந்த பிறகு நீங்கள் எழுதின இரண்டாவது கடிதத்தைத் தோட்டத்துக்கு வந்திருக்கும் புதுக் காவல்காரர் எடுத்து வைத்திருந்து, பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். நேற்றுத்தான் கைக்கு வந்தது.

எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

போன தை மாதம் மரங்களெல்லாம் இலை உதிர்த்து நின்றன. நடுத்தோட்டத்தில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் செதுக்கினேன். வெட்டினால் சத்தம் கேட்கும், கட்டை விழும். செதுக்கினால் மரம் நின்றபடியே செத்துவிடும். அய்யாத்துரையும் ஒரு வெட்டரிவாளோடு கூட வந்தான். நான் கூப்பிடவில்லை.

இலையில்லாத காலத்தில் செத்த மரமும் உயிருள்ள மரமும் ஒன்றுபோலத்தான் நிற்கும். மழை வந்ததும் மற்ற மரங்கள் துளிர்த்தன. நாங்கள் கை வைத்தவை அப்படியே நின்றன. அவற்றின் நடுவே தரைவரை வெயில் இறங்கியது. கொஞ்ச நாளில் தரை பச்சை பிடித்துவிட்டது. இத்தனை வருஷம் எந்த மண்ணுக்குள் எந்த விதை கிடந்ததோ, எல்லாம் வந்தது, நான் பெயர் மறந்துபோன செடிகள்கூட. நன்னாரி மட்டும் வரவில்லை. அது வேர் பிடித்து வருகிற கொடி. வேர் எப்போதோ செத்திருக்கும். அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தப் பச்சிலைதான் உங்களுக்கு வந்த இரண்டு மூட்டை.

தசரா முடிந்து சேட் வந்தார். சுற்றிலும் பச்சையாக நிற்கும் தோட்டத்தில் நடுவில் மொட்டையாக நிற்கும் மரங்களைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அடியில் குனிந்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். "கிஸ்னே கியா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். என் அக்காவுக்கு நிலவேம்பு வேண்டியிருந்தது என்று எந்தப் பாஷையில் சொல்வது? நான் கன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வைத்த மரங்கள் அவை என்பது அவருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, போலீசுக்குப் போகவில்லை. அன்றைக்கே வெளியேறச் சொல்லிவிட்டார். சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் முதல் கடிதம் வந்தது. கூடவே அரக்குச் சேலையும் வந்தது. பேராச்சி அதைப் பிரிக்கவில்லை. கட்டு அவிழ்க்காமல் இந்தக் கவரோடு வருகிறது.

எதிர்ச் சரிவில் அடுத்தவன் குத்தகைப் புல்லில் ஒரு தழை தொடாதவன் நான். காவலுக்கு வைத்த மரத்தின் அடியிலேயே கத்தி வைத்தேன். போன கார்த்திகையில் என்னைத் திருடன் என்று எழுதினீர்கள். அப்போது நான் திருடன் இல்லை. மூட்டை வந்ததும் நாணயமாக நடந்துகொண்டாய் என்று எழுதினீர்கள். அதற்குள் நான் திருடனாகிவிட்டேன். இரண்டு தடவையும் உங்களுக்கு என் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மூட்டையைத்தான் பார்த்தீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை அக்கா. வேலை போனதுகூட இல்லை.

அய்யாத்துரை குர்லாவில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்திருக்கிறான். கையெல்லாம் எண்ணெயாகத் திரும்பி வருகிறான். பேராச்சியின் அண்ணன் மகளை யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை இருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பரிசத்துக்குத் தேதி கேட்டீர்கள். அதை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். இனி உங்கள் கடைக்கு என்னிடமிருந்து எதுவும் வராது. உங்கள் வாசலுக்கு நானும் வரமாட்டேன். ஆனால் நான் சொர்ணத்துக்குத் தாய்மாமன். அவள் சொல்லட்டும். அவளுக்கு எல்லாம் தெரிந்த பிறகு சொல்லட்டும்.

அவளுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. இந்தச் சங்கதியை வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல உங்களுக்கு மனசு வராது என்றும் எனக்குத் தெரியும். நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். நீங்கள் எனக்கு எழுதின கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அவற்றை வாசியுங்கள், பிறகு இதை. அவள் உங்கள் குரலிலேயே கேட்கட்டும். கேட்ட பிறகும் வருகிறேன் என்று சொன்னால், எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் அய்யாத்துரை குர்லா ஸ்டேஷனில் வந்து நிற்பான்.

வாசிக்கும்போது எந்த வரியையும் தாண்டிப் போகாதீர்கள்.

வெயிலுமுத்து